நிலமும் படையும்: நிகழ்நேர வியூக விளையாட்டுகளில் களக் கட்டுப்பாட்டின் மதிப்பு

1. சிக்கலும் வரையறையும்

நிகழ்நேர வியூக விளையாட்டில் இரு தரப்பும் முறைவைத்து நகர்த்துவதில்லை. ஒரே வேளையில் வளம் சேர்த்து, கட்டடம் எழுப்பி, படை திரட்டி மோதுகின்றன. இவ்வகை ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் வெற்றிக்கான விதி எளியது. எதிரியின் கட்டடங்களை அழிக்க வேண்டும், அல்லது அவர் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கோ’ பலகை விளையாட்டில் சூழ்ந்து பிடித்த பரப்பு நேரடியாகப் புள்ளியாகிறது. இங்கே எவ்வளவு நிலம் ஒருவர் கையில் இருக்கிறது என்பது பெரும்பாலும் வெற்றி விதியிலேயே இல்லை. ஆயினும் ஆட்டத்தின் பெரும்பகுதி நிலத்துக்கான போட்டியாகவே கழிகிறது. வெற்றி விதியில் இடம்பெறாத நிலத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது, எந்த எல்லையில் அது தீர்ந்துபோகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இதுபற்றி ஆட்டக்காரர்களிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. நிலம் கூடினால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் படை கூடும், ஆகவே களத்தில் பெரும்பங்கைப் பிடித்தவரே இறுதியில் வெல்வார் என்பது முதல் கருத்து. எதிரியின் படையை அழித்துவிட்டால் நிலம் தானாக வந்து சேரும், ஆகவே நிலத்தைத் துரத்துவது படையைச் சிதறடிக்கும் வீண்வேலை என்பது இரண்டாவது. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. எது எப்போது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பவை ஒவ்வொரு விளையாட்டின் வருமான விதியும், காவலுக்கு ஆகும் செலவும், எஞ்சியிருக்கும் நேரமுமே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

‘மேப் கண்ட்ரோல்’ என்று ஆட்டக்காரர்கள் ஒரே பெயரால் குறிப்பதில் மூன்று தனித்தனி நிலைகள் அடங்கியுள்ளன. தளமோ சுரங்கமோ கட்டி ஓரிடத்தைப் பயன்படுத்துவது உடைமை. கட்டடம் ஏதும் இல்லாமலே அங்கே தடையின்றி நடமாடி, எதிரியை நடமாடவிடாமல் செய்வது ஆளுகை. அங்கே நடப்பதை அறிந்திருப்பது பார்வை. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றவை இருக்க வேண்டியதில்லை. எதிரியின் முற்றுகைக்குள் அகப்பட்ட தளத்தில் உடைமை உண்டு, ஆளுகை இல்லை. வழியோரத்தில் நிறுத்திய ஒற்றை வீரன் பார்வையைத் தருகிறான், ஆளுகையைத் தருவதில்லை. மூன்றையும் கலந்து பேசுவதே மேற்சொன்ன இரு கருத்துகளும் முட்டிக்கொள்வதற்கு முதற் காரணம்.

2. நிலம் விதியாக மாறிய வழி

ஜப்பானின் டெக்னோசாஃப்ட் 1989இல் சேகா மெகா டிரைவ் கருவிக்கு வெளியிட்ட ‘ஹெர்சாக் ஸ்வை’ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதில் களமெங்கும் பரவிக் கிடக்கும் சிறு தளங்களைக் காலாட்படையால் கைப்பற்ற வேண்டும்; தளங்கள் பெருகப் பெருக வருமானம் பெருகும். நிலத்துக்கும் வருமானத்துக்கும் இடையே வேறு கண்ணி எதுவும் இல்லை.

வெஸ்ட்வுட் நிறுவனம் 1992இல் வெளியிட்ட ‘டியூன் 2’ இடையில் ஒரு கண்ணியைச் சேர்த்தது. அராக்கிஸ் பாலைவனத்தில் கிடக்கும் ‘ஸ்பைஸ்’ என்னும் பொருளை அறுவடை வண்டிகள் அள்ளிவந்து ஆலையில் சேர்க்க வேண்டும். நிலம் யாருக்கும் உரியதாகப் பதிவாவதில்லை; வண்டி போய்த் திரும்பும் வழி பாதுகாப்பாக இருக்கிறதா என்பதே முக்கியம். புதிய கட்டடத்தை ஏற்கெனவே உள்ள கட்டடத்தை ஒட்டியே எழுப்ப முடியும் என்ற விதி, குடியிருப்பு பரவும் வேகத்துக்குக் கடிவாளம் இட்டது. அதே நிறுவனத்தின் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ (1995) இன்னொரு வேறுபாட்டைக் கொண்டுவந்தது. அதன் ‘டைபீரியம்’ அள்ளிய பின்னும் மீண்டும் வளரும். அள்ளித் தீரும் வயலின் மதிப்பு அதில் எஞ்சிய இருப்பைப் பொறுத்தது. மீண்டும் வளரும் வயலின் மதிப்பு அதை எவ்வளவு காலம் வைத்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தது.

1990களின் பிற்பகுதிக்குள் மூன்று மரபுகள் தெளிவாகப் பிரிந்துவிட்டன. பிளிஸார்டின் ‘ஸ்டார்கிராஃப்ட்’ (1998) வளத்தைச் சில இடங்களில் குவித்து, அதை எடுக்கத் தொழிலாளிகளைக் கேட்டது. கேவ்டாக் நிறுவனத்துக்காகக் கிறிஸ் டெய்லர் வடிவமைத்த ‘டோட்டல் அனைஹிலேஷன்’ (1997) உலோக ஊற்றுகளைக் களமெங்கும் தூவி, ஒவ்வொன்றின்மீதும் ஓர் அகழ்கருவியை நட்டால் போதும் என்றது. பிட்மேப் பிரதர்ஸின் ‘இஸட்’ (1996) களத்தையே பகுதிகளாகக் கூறுபோட்டு, கொடியைத் தொட்டவருக்குப் பகுதி சொந்தம் என்றது. பகுதிகள் கூடினால் ஆலைகளின் உற்பத்தி வேகமும் கூடியது. ரெலிக் நிறுவனத்தின் ‘டான் ஆஃப் வார்’ (2004), ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’ (2006) ஆகியவை இந்த மூன்றாம் மரபை வளர்த்தெடுத்தன.

3. தொழிலாளி வழியாக வரும் வருமானம்

நிலம் கூடினால் வருமானம் கூடும் என்ற எண்ணத்தைச் சோதிக்க ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஏற்ற களம். அதில் ஒரு தளத்தைச் சுற்றி வழக்கமாக 8 மினரல் திட்டுகளும் 2 வாயு ஊற்றுகளும் இருக்கும். ஒரு திட்டுக்கு 2 தொழிலாளிகள் வரை சேரச் சேர வருமானம் ஏறத்தாழ நேர்விகிதத்தில் உயரும். மூன்றாமவர் வந்தால் காத்திருப்பு தொடங்கி, அவரால் வரும் கூடுதல் வெகுவாகக் குறையும். ஆகவே ஒரு தளம் மினரலுக்கு 16 பேரையும் வாயுவுக்கு ஊற்றுக்கு 3 பேராக 6 பேரையும் நிறைவாக ஏற்கும்.

16 தொழிலாளிகளை மட்டும் வைத்திருப்பவர் இரண்டாம் தளத்தைக் கட்டினால் அவருடைய வருமானம் உயர்வதில்லை என்றே சொல்லலாம். உழைக்கும் கைகள் அதே 16தான். 32 பேர் உள்ளவருக்கோ அதே தளம் வருமானத்தைப் பெருமளவு உயர்த்துகிறது. நிலம் தன்னளவில் எதையும் விளைவிப்பதில்லை. நெருக்கடியில் பாதித் திறனோடு உழைக்கும் கைகளுக்கு இடம் தருவதே அதன் பயன். எதிரியைவிட ஒரு தளம் கூடுதலாக வைத்திருந்தும் வருமானத்தில் பின்தங்கியிருக்கும் ஆட்டக்காரரைப் பல ஆட்டங்களில் காணமுடிவது இதனால்தான்.

அடுத்தது முதலீடு திரும்பும் காலம். இவ்விளையாட்டின் இனங்களுள் ஒன்றான டெரன் தரப்பின் தலைமைக் கட்டடத்துக்கு 400 மினரல் செலவாகும். கட்டி முடிக்க 71 விநாடி ஆகும். ஒரு தொழிலாளிக்கு 50 மினரல், 12 விநாடி. ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 55 முதல் 60 மினரல் கொண்டுவருகிறார். புதிய தளம் தன் தொழிலாளிகளைத் தானே ஒருவர்பின் ஒருவராக உருவாக்குகிறது என்று கொண்டு கணக்கிட்டால், கட்டத் தொடங்கிய நொடியிலிருந்து ஏறத்தாழ 4 நிமிடம் கழித்தே போட்ட முதல் திரும்புகிறது. பழைய தளத்தில் உபரியாக உள்ளவர்களை மாற்றினால் இக்காலம் சுருங்கும். எப்படியாயினும் அந்த இடைவெளியில் விரிவுபடுத்தியவர் விரிவுபடுத்தாதவரைவிட ஏழை. தலைமைக் கட்டடத்தின் விலையான 400 மினரல் 8 ‘மரீன்’ காலாட்களின் விலை. எதிரி தளம் கட்டுவதைக் கண்டதும் தன் கையிருப்பு முழுவதையும் படையாக்கி உடனே தாக்கும் ‘டைமிங் அட்டாக்’ உத்தி இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது.

மூன்றாவது வரம்பு, மொத்தப் படைத்தொகை. தொழிலாளிகளையும் சேர்த்து ஒரு தரப்பின் படைத்தொகை 200ஐத் தாண்ட முடியாது. 3 தளங்கள் நிறைவாக இயங்க 66 தொழிலாளிகள் வேண்டும்; படைக்கு 134 இடம் மிஞ்சும். நான்காம் தளத்தையும் அதே வேளையில் நிறைவாக இயக்கினால் தொழிலாளிகள் 88 ஆவர். படைக்கான இடம் 112 ஆகச் சுருங்கும். ஆக, மூன்று தளங்களுக்கு மேல் விரிவது பெரும்பாலும் வருமானத்தைக் கூட்டுவதற்காக நடப்பதில்லை. தீர்ந்துபோகும் பழைய தளத்துக்கு மாற்றாகவோ, கூடுதல் வாயுவுக்காகவோ நடக்கிறது.

விதியை மாற்றினால் மதிப்பும் மாறும் என்பதற்கு 2015இல் வந்த ‘லெகசி ஆஃப் த வாய்ட்’ விரிவாக்கம் சான்று. அதற்கு முன் ஒரு தளத்தின் 8 திட்டுகளிலும் ஒரே அளவு இருப்பு இருந்தது. புதிய பதிப்பு அவற்றுள் பாதித் திட்டுகளின் இருப்பை மற்றவற்றில் உள்ளதைவிடக் குறைவாக வைத்தது. ஆட்டம் தொடங்கும்போதே கையில் இருக்கும் தொழிலாளிகளின் எண்ணிக்கையை 6இலிருந்து 12 ஆக்கியது. திட்டுகள் பாதி தீர்ந்ததும் தளத்தின் வருமானத் திறன் பாதியாகிவிடுவதால், குறைந்த நிலத்தில் ஒடுங்கி நெடுங்காலம் நீடிக்கும் ஆட்டமுறை கடினமாயிற்று. கையிருப்பின் பங்கீட்டு மாற்றம் புதிய நிலத்தின் தேவையைக் கூட்டிவிட்டது.

4. நிலமே வருமானமாகும் முறைகள்

‘டோட்டல் அனைஹிலேஷ’னிலும் அதன் வழித்தோன்றலான ‘சுப்ரீம் கமாண்ட’ரிலும் (2007) அகழ்கருவி தானே இயங்கும். தொழிலாளி வேண்டாம். பத்தாவது ஊற்றும் முதல் ஊற்றைப் போலவே பயன் தரும். இத்தகைய விதியின்கீழ் நிலம் கூடினால் வருமானம் கூடும் என்ற கருத்து ஏறக்குறைய முழுமையாகப் பொருந்துகிறது. ஆட்டத்தின் முதல் நிமிடங்கள் ஊற்றுகளை நோக்கிய ஓட்டமாகவே அமைகின்றன. கருவி மலிவாக இருப்பதால் இழப்பதும் எளிது, மீட்பதும் எளிது. எனவே மோதல் எல்லையோரங்களில் இடைவிடாமல் நடக்கும் சிறு கொள்ளைகளாகிறது.

‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’ வேறொரு நிபந்தனையை இட்டது. களம் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். வெடிமருந்து, எரிபொருள் ஆகியவை கைப்பற்றிய பகுதிகளிலிருந்து வரும். ஆனால் ஒரு பகுதி, தன் தரப்புக்குச் சொந்தமான மற்றப் பகுதிகள் வழியாகத் தலைமையகத்தோடு தொடர்பு கொண்டிருந்தால்தான் வருமானம் தரும். இடையிலுள்ள ஒரு பகுதி எதிரியிடம் போனால் அதற்கு அப்பால் உள்ளவை அனைத்தும் உடைமையில் இருந்தும் பயனற்றுப்போகும். எனவே இங்கே பகுதியின் மதிப்பு அதன் சொந்த விளைச்சலோடு நிற்பதில்லை. அது துண்டிக்கப்பட்டால் எத்தனை பகுதிகள் வாடும் என்பதும் கணக்கில் சேர்கிறது. தன்னளவில் அற்ப விளைச்சல் தரும் நடுப்பகுதி, தொலைவிலுள்ள எரிபொருள் கிடங்கைவிட அருமையானதாகிவிடலாம். இரண்டாம் உலகப்போரை நிகழ்களமாகக் கொண்ட அவ்விளையாட்டு வழங்கல் பாதையின் முக்கியத்துவத்தை இந்த ஒரு விதியாலேயே உணர்த்துகிறது.

அவ்விளையாட்டின் வெற்றிப்புள்ளி முறையில் நிலம் நேரடியாக வெற்றி விதிக்குள்ளேயே நுழைகிறது. களத்தில் குறிக்கப்பட்ட இடங்களுள் குறைவானவற்றை வைத்திருக்கும் தரப்பின் புள்ளிகள் தொடர்ந்து கரையும். முழுவதும் கரைந்தால் தோல்வி. படை வலிமையில் மேம்பட்டிருந்தும் இந்த இடங்களை விட்டுக்கொடுத்தவர் தோற்க நேரிடும். படைதான் முதல் என்ற கருத்து அறவே செல்லாத இடம் இது. நிலத்தைக் காத்துக்கொண்டே எதிரியின் படையைத் தவிர்ப்பதும் இங்கே முறையான வியூகமே.

5. காவலின் செலவு

விளைச்சலை மட்டும் கணக்கிட்டால் நிலத்தின் மதிப்பு மிகையாகத் தெரியும். கழிக்க வேண்டிய பெருந்தொகை காவல். அதை அளக்க, பிரிட்டனின் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் முதல் உலகப்போர்க் காலத்தில் வகுத்து, 1916இல் நூலாகவும் வெளிவந்த போர்ச் சமன்பாடுகள் உதவும். இரு படைகளின் வீரர்கள் அனைவரும் ஒரே வேளையில் எதிரியைச் சுட முடியுமானால், படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும் என்பது அவற்றுள் ஒன்று.

ஒரு தரப்பிடம் 12 அலகுகளும் மற்றதிடம் 10 அலகுகளும் இருப்பதாகக் கொள்வோம். அனைத்தும் ஒரே திறன் உடையவை. முன்னவர் இரண்டு தளங்களைக் காக்க 6, 6 எனப் பிரித்து நிறுத்துகிறார். பின்னவர் 10ஐயும் ஒரே திரளாகக் கொண்டுவருகிறார். முதல் மோதலில் 100இலிருந்து 36 போக 64. அதன் வர்க்கமூலம் 8. அதாவது 6 பேரை அழித்தும் தாக்கியவரிடம் 8 எஞ்சும். இரண்டாம் மோதலில் 64இலிருந்து 36 போக 28. எஞ்சுவது 5க்குச் சற்று மேல். எண்ணிக்கையில் பெரிய படை, நிலத்தைக் காக்கச் சிதறியதாலேயே முற்றிலும் அழிந்தது. படைதான் முதல் என்பவர்களின் வலுவான வாதம் இந்தக் கணக்கில் இருக்கிறது. எதிரியின் வருமானம் கூடுதலாக இருந்தும் அவரை வெல்லலாம், அவர் நிலத்துக்குக் காவல் வைக்கும் கணத்தில் தாக்கினால்.

இக்கணக்கின் அடிப்படை அனுமானம் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. குறுகிய வழியில் முன்வரிசை மட்டுமே போரிட முடியும்; அங்கே இழப்பு ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற நேர்விதியை நெருங்கும். மேற்கண்ட 6 பேரும் ஒரு கணவாயில் நின்றால் 10 பேரில் 6 பேரை வீழ்த்திவிட்டே அழிவர். எஞ்சிய 4 பேர் அடுத்த கணவாயில் நிற்கும் 6 பேரிடம் தோற்பர். வெட்டவெளியில் பேரழிவைத் தந்த அதே பிரிவினை இங்கே வெற்றியைத் தருகிறது. கணவாயில் விளைச்சல் எதுவும் இல்லை. அதன் பின்னால் உள்ள தளங்களின் காவற்செலவை அது குறைக்கிறது. மனையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வாசல்களை எண்ணிப்பார்ப்பது இதனால்தான். தொடக்கத் தளத்தை ஒட்டி, குறுகிய வாயிலோடு அமையும் இரண்டாம் தளத்தை ஆட்டக்காரர்கள் ‘நேச்சுரல்’ என்கிறார்கள். போட்டிகளுக்கான ஸ்டார்கிராஃப்ட் களங்களை உருவாக்குவோர் மூன்றாம், நான்காம் தளங்களின் வாயில்களைப் படிப்படியாக அகலமாக்குவதன் மூலம் விரிவின் விலையை ஏற்றுகிறார்கள்.

மேட்டுநிலமும் இவ்வாறே கணக்கை மாற்றுகிறது. முதல் ‘ஸ்டார்கிராஃப்’டில் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கிச் சுடும் குண்டு ஏறத்தாழ 47 விழுக்காடு தவறும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் (1999) மேட்டில் நிற்பவர் தாக்கும்போது சேதம் கால்பங்கு கூடும், அவர்மீது விழும் சேதம் கால்பங்கு குறையும்.

தொலைவு மற்றொரு செலவு. புதிதாக உருவாகும் படை தலைமையகத்திலிருந்து நடந்து வரவேண்டும். எல்லை முன்னேற முன்னேற இந்த நடை நீளும், பின்வாங்குபவருக்குச் சுருங்கும். எனவே முன்னேறும் தரப்பின் சாதகம் ஒரு புள்ளியைத் தாண்டினால் தேயத் தொடங்கும். போரியல் சிந்தனையாளர் கிளாஸவிட்ஸ் தம் நூலில் தாக்குதலின் உச்சப்புள்ளி என்று விளக்கிய நிலை இதுவே. ‘ஸ்டார்கிராஃப்ட் 2’இன் புரோட்டாஸ் தரப்பு, மின்தூண் நட்ட இடத்துக்குப் படையை நேரே வரவழைக்கும் வசதியைப் பெற்றிருப்பது இந்தச் செலவை அழிக்கிறது. ஆகையால் அத்தரப்புக்குத் தொலைநிலத்தின் கணக்கே வேறு.

6. பார்வையும் மறுப்பும்

களத்தின் காணாத பகுதிகளை இருள் மூடியிருப்பது இவ்வகை விளையாட்டுகளின் பொதுவிதி. அந்த இருளை விலக்கும் நிலம் விளைச்சல் எதையும் தராமலே மிகுந்த பயன் தரும். எதிரியின் படை புறப்பட்டதை அரை நிமிடம் முன்னதாக அறிந்தவர், காவலுக்கு ஒதுக்க வேண்டியிருந்த முதலை அதுவரை உற்பத்தியில் வைத்திருக்கலாம். பார்வை காவலுக்கு மாற்றாகிறது. அதுவும் மிக மலிவான மாற்று. ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ களங்களில் உள்ள ‘ஸெல்நாகா’ கோபுரங்களுக்குப் போட்டி நடப்பது இதற்காகவே. சர்க் தரப்பு தரையில் பரப்பும் ‘கிரீப்’ என்னும் படலம் பல பயன்களை ஒன்றாக்குகிறது. அது பார்வை தருகிறது, மற்றத் தரப்புகள் அதன்மேல் கட்டடம் எழுப்ப முடியாது, சர்க் படைகளில் பெரும்பாலானவை அதன்மேல் 30 விழுக்காடு விரைவாக ஓடும். உடைமை, ஆளுகை, பார்வை மூன்றும் ஒரே பரப்பில் பொருந்திவரும் அரிய எடுத்துக்காட்டு அது.

மறுப்பு என்பது நிலத்தைத் தான் பயன்படுத்தாமல் எதிரியும் பயன்படுத்த முடியாதபடி செய்வது. எதிரியின் தளவாசலில் சிறு படை நிறுத்தி அவரை விரியவிடாமல் தடுப்பவர், அந்த நிலத்தில் ஒரு செங்கல்லும் வைப்பதில்லை. எதிரி புதிய தளத்துக்கு அனுப்பும் கட்டுமானத் தொழிலாளியைக் கொல்ல ஒன்றிரண்டு வீரர் போதும். ஆனால் அதனால் எதிரி இழப்பது அத்தளத்தின் முழு விளைச்சல். செலவுக்கும் பயனுக்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வால், உடைமையைவிட மறுப்பு பல வேளைகளில் ஆதாயமானது.

டீப்மைண்ட் நிறுவனத்தின் ‘ஆல்பாஸ்டார்’ செயற்கை நுண்ணறிவு ‘ஸ்டார்கிராஃப்ட் 2’இல் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதிய ஆட்டங்கள் 2019 ஜனவரியில் வெளியாயின. அவை இந்த ஆய்வுக்கு இரண்டு குறிப்புகளைத் தருகின்றன. முதலாவது, மனிதர்கள் நிறைவு எனக் கருதும் எண்ணிக்கையைத் தாண்டி அது ஒரே தளத்தில் தொழிலாளிகளைக் குவித்தது. உபரி கைகளின் விளைச்சல் குறைவானாலும், எதிரியின் சூறையில் சிலரை இழந்தால் உற்பத்தி தடைப்படாது. புதிய தளம் எழும்பியதும் மாற்றிவிடவும் ஆட்கள் தயாராக இருப்பார்கள். நிறைவெண்ணைத் தாண்டிய முதலீடு எப்போதும் வீண் என்ற நம்பிக்கையை இது ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. இரண்டாவது, நேரலையில் ஆடப்பட்ட ஆட்டத்தில் ‘மானா’ என்ற பெயரில் ஆடும் போலந்து வீரர் ஆல்பாஸ்டாரை வென்ற விதம். வான்வழி ஊர்தியில் சில அலகுகளை ஏற்றி அதன் தளத்தின் பின்புறம் இறக்குவதும் ஏற்றிக்கொண்டு விலகுவதுமாக அவர் இருக்க, அது ஒவ்வொரு முறையும் தன் பெரும்படையைப் பின்னுக்கு இழுத்தது. களத்தின் நடுவே இருந்த ஆளுகை அதனால் கைநழுவியது. உடைமையைக் காக்கும் கடமை ஆளுகையைத் தின்றுவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

7. நிலத்துக்கு மாற்றுகள்

நிலத்தின் மதிப்பு அதற்கு மாற்று இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. ‘டோட்டல் அனைஹிலேஷ’னில் மின்னாற்றலை உலோகமாக மாற்றும் ஆலை உண்டு. மின்னாற்றலைத் தன் தளத்துக்குள்ளேயே பெருக்கிக்கொள்ள முடியும் என்பதால், ஆட்டம் நீளும்போது ஒடுங்கிய நிலத்திலிருந்தே பெரும்படை எழுப்பலாம். ‘கமாண்ட் அண்ட் காங்கர்: ஜெனரல்ஸ்’இல் (2003) அமெரிக்கத் தரப்புக்கு வான்வழிப் பொருளிறக்கம், சீனத் தரப்புக்கு ஹேக்கர்கள், மூன்றாம் தரப்பான ஜி.எல்.ஏ.வுக்குக் கள்ளச்சந்தை எனக் களத்தைச் சாராத வருவாய் வழிகள் இருந்தன. இத்தகைய வழிகள் திறந்த பிறகு நடுக்களத்தின் மதிப்பு சரிகிறது. கோட்டைக்குள் அமர்ந்து ஆடும் முறை வலுப்பெறுகிறது.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதில் உணவை வயல்கள் மூலம் மரம் செலவழித்து விளைவிக்கலாம். மரம் களமெங்கும் உண்டு. தங்கமோ தீரும் பொருள். களத்தின் ஒரு சதுரத்துக்கு 800 அலகு வீதம் சுரங்கங்களில் கிடப்பது தீர்ந்ததும் நைட், குதிரைவில்லாளர் போன்ற தங்கம் கேட்கும் படைகளை எழுப்ப முடியாது. ஈட்டிவீரர், எறிவீரர், இலகுகுதிரை என உணவும் மரமும் மட்டும் கேட்கும் படைகளோடு ஆட்டம் நடக்கும். அந்நிலையில் நடுக்களத்தில் எஞ்சிய ஒரே தங்கச் சுரங்கம் முழு ஆட்டத்தையும் தீர்மானிக்கக்கூடும். மடத்தில் சேர்த்துவைத்த புனிதச்சின்னம் நிமிடத்துக்கு 30 தங்கம் வீதம் தீராமல் தருவதால், ஆட்டத்தின் தொடக்கத்தில் அற்பமாகத் தோன்றியது இறுதியில் பெருஞ்செல்வமாகிறது. கூட்டாளிகள் உள்ள ஆட்டத்தில் வணிகவண்டிகளும் தங்கம் ஈட்டும். சந்தைகளுக்கு இடைப்பட்ட தொலைவு கூடினால் ஆதாயமும் கூடும். அங்கே மதிப்பு ஓர் இடத்தில் இல்லை, நீண்ட பாதையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரே நிலத்தின் மதிப்பு ஆட்டத்தின் வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறாக இருப்பதற்கு இவ்விளையாட்டே முதன்மையான சான்று.

8. விரிவுக்கு இடும் கடிவாளங்கள்

நிலம் வருமானத்தையும், வருமானம் படையையும், படை மேலும் நிலத்தையும் தந்தால் முதலில் முந்தியவர் பிடிபடவே மாட்டார். ஆட்டம் முடிவதற்கு வெகுமுன்பே முடிவு தெரிந்துவிடும். இதைத் தடுக்க வடிவமைப்பாளர்கள் பல விதிகளைக் கையாண்டிருக்கிறார்கள்.

பிளிஸார்டின் ‘வார்கிராஃப்ட் 3’ (2002) ஒரு பொற்சுரங்கத்தில் 5 பேருக்கு மேல் உழைக்க இடம் தரவில்லை; படைத்தொகை 50ஐத் தாண்டினால் பொன் வருவாயை 70 விழுக்காடாகவும், 80ஐத் தாண்டினால் 40 விழுக்காடாகவும் குறைத்தது. பெரும்படை வைத்திருப்பவருக்குக் கூடுதல் சுரங்கத்தின் பயன் பாதிக்கும் கீழாகிவிடுகிறது. நடுநிலை அரக்கர்கள் காவல் இருப்பதால் புதிய சுரங்கத்தின் நுழைவுவிலையும் கூடுகிறது. நாயக வீரர்களின் அனுபவ வளர்ச்சி ஆட்டத்தின் மையமாக அமைந்ததற்கு இந்தக் கட்டுப்பாடுகளும் துணைநின்றன.

பிரையன் ரெனால்ட்ஸ் வடிவமைப்பில் பிக் ஹியூஜ் கேம்ஸ் உருவாக்கிய ‘ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்’ (2003) நகரங்களைச் சுற்றி நாட்டெல்லையை வரைந்தது. எல்லைக்குள்ளேதான் கட்டடம் எழுப்ப முடியும். உரிய ஆராய்ச்சியை முடித்த நாட்டின் எல்லைக்குள் நுழையும் பகைப்படை நின்ற இடத்திலேயே தேயும். வழங்கல் வண்டி உடன்வந்தால் இத்தேய்வு தடைப்படும். நிலமே தன்னைத் தான் ஓரளவு காத்துக்கொள்வதால் காவற்செலவு குறைகிறது; தாக்குபவரின் செலவு ஏறுகிறது. ஷிரோ கேம்ஸின் ‘நார்த்கார்ட்’ (2018) களத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புதிய மண்டலத்துக்கும் முந்தையதைவிடக் கூடுதல் விலை வைத்தது. எத்தனை மண்டலம் என்ற கேள்வி அதனால் எந்த மண்டலம் என்ற கேள்வியாகிறது.

9. மதிப்பீடு

ஓரிடத்தைப் பிடித்து வைத்திருப்பதன் நிகரப் பயனைப் பின்வரும் கூறுகளாகப் பகுத்துச் சொல்லலாம். வரவில் மூன்று உண்டு: அந்த இடம் தரும் கூடுதல் வருமானத்தை எஞ்சிய ஆட்ட நேரத்தால் பெருக்கிய தொகை, எதிரிக்கு அது கிடைக்காமல் போவதன் பயன், பார்வையாலும் வாயில்களின் குறுக்கத்தாலும் மற்ற இடங்களின் காவலில் மிச்சமாவது. செலவிலும் மூன்று: கட்டுமான முதல், அது திரும்பும்வரை படை மெலிந்திருப்பதன் இடர், திரண்டிருக்க வேண்டிய படை பிரிந்து நிற்பதால் வரும் வலிமைக் குறைவு. கடைசியாகச் சொன்ன செலவு பரப்புக்கு நேர்விகிதமாக ஏறுவதில்லை. வெட்டவெளியில் வர்க்க விதியால் அதைவிட விரைவாக ஏறுகிறது. வருமானமோ நிறைவெண், படைவரம்பு, பராமரிப்பு விதி ஆகியவற்றால் மட்டுப்படுகிறது. ஆகவே ஏறக்குறைய எல்லா விளையாட்டிலும் ஓர் அளவுக்கு மேல் நிலம் சுமையாகிறது. அந்த அளவு எது என்பதே விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடுகிறது.

இப்பகுப்பு இரு கருத்துகளின் எல்லைகளையும் காட்டுகிறது. அகழ்கருவியும் கொடியும் நேரடியாக வருமானம் தரும் ஆட்டங்களில், காவற்செலவு குறைவாக உள்ள களங்களில், நீண்ட நேரம் எஞ்சியிருக்கும் கட்டங்களில் நிலத்தை முதன்மைப்படுத்தும் கருத்து பொருந்தும். முதல் திரும்பும் காலத்தைவிட எஞ்சிய நேரம் குறைவாக இருக்கும்போதும், எதிரி சிதறி நிற்கும்போதும், நிலத்துக்கு மாற்று வருவாய் உள்ளபோதும் படையை முதன்மைப்படுத்தும் கருத்து பொருந்தும். வெற்றிப்புள்ளி விதி உள்ள ஆட்டங்களில் நிலம் வழியாக இல்லாமல் இலக்காகவே இருப்பதால் அவற்றைத் தனியே வைத்துப் பேச வேண்டும்.

இரு கருத்துகளும் கவனிக்கத் தவறுவது உடைமைக்கும் ஆளுகைக்கும் உள்ள வேறுபாட்டை. படையை முதன்மைப்படுத்துவோர் எதிர்ப்பது பெரும்பாலும் உடைமையை; அவர்கள் கோரும் திரண்ட படையே நடுக்களத்தின் ஆளுகையைத் தருகிறது. நிலத்தை முதன்மைப்படுத்துவோர் வெற்றிக்குக் காரணமாகச் சொல்லும் கூடுதல் தளங்கள், பல ஆட்டங்களில் ஏற்கெனவே பெற்றுவிட்ட ஆளுகையின் விளைவாகவே எழுந்தவை. எதிரியை அவர் வாசலுக்குள் அடக்கியவர்தான் அச்சமின்றி விரிகிறார். அத்தகைய ஆட்டத்தில் நிலத்தின் அளவு வெற்றியின் காரணத்தைவிட அதன் அறிகுறியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆட்டப்பதிவுகளில் வென்றவரிடம் நிலம் மிகுதியாக இருப்பதைக் கண்டு நிலமே வெற்றியைத் தந்தது என முடிவுகட்டுவது இதனால் பிழையாகலாம். யார் முதலில் தடையின்றி நடமாடினார், யாருடைய விரிவு யாருடைய அனுமதியோடு நடந்தது என்ற வரிசையைப் பார்த்தே காரணத்தைத் தீர்மானிக்க வேண்டும்.